ஃபிரிட்ஜ் கதவின் கீழ் மூலை

அந்த ஃபிரிட்ஜ் தன்னுடையது என்று ஜானு ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மனசுக்குள் அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு இருந்தது. தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில், மூன்றாவது மாடியில், சுப்புலக்ஷ்மி மாமி வீட்டில் அவள் வேலைக்குச் சேர்ந்த அதே வாரத்தில்தான் அந்த ஃபிரிட்ஜும் வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததே ஜானுதான். பன்னிரண்டு வருஷமாக அதைத் துடைத்திருக்கிறாள், தண்ணீர்த் தட்டைக் கழற்றிக் கொட்டியிருக்கிறாள். எந்தத் தட்டில் தோசை மாவு, எந்தத் தட்டில் மாமியின் இன்சுலின் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

மாமி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. ஒரே பெண் அனன்யா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஆக வீட்டில் பகல் முழுக்க மாமியும், காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஜானுவும்தான். ஜானு பாத்திரம் தேய்க்கும்போது மாமி சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், பக்கத்து ஃபிளாட்டுச் சண்டை, டாக்டர் சொன்னது எல்லாம் முதலில் ஜானு காதில்தான் விழும். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் ஜானுவுக்குப் புருஷன், மகள், மாமியார் என்று ஒரு வீடு நிறைய ஆள் உண்டு. ஆனாலும் அவளிடம் கதை சொல்ல ஆசைப்பட்டு உட்காருகிற ஒரே மனுஷி மாமிதான்.

நவம்பர் மழை நாலு நாளாக விடவில்லை. அனன்யா ஒரு வாரம் லீவில் வந்திருந்தாள். பாலை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவள் மூக்கைச் சுளித்தாள். குனிந்து, கதவைச் சுற்றியிருக்கும் வெள்ளை ரப்பரின் மடிப்பை விரலால் விலக்கினாள். உள்ளே கறுப்பாகப் பூசணம் படர்ந்திருந்தது. கீழ் மூலையில் அது திட்டுத் திட்டாக, ஈரத்தோடு மின்னியது.

“அம்மா, இங்க வந்து பாரேன். இதுலதான் நீ பாலையும் தயிரையும் வெச்சுண்டிருக்கியா?”

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். பிறகு திரும்பி ஜானுவைப் பார்த்தார்.

“மழ ஈரம் மாமி,” என்றாள் ஜானு. “நாளிக்கு பளிச்சுனு பண்ணிட்றேன்.”

“வேண்டாம் ஜானு,” என்றாள் அனன்யா, ரொம்ப அன்பாகவே. “இது நீ பண்ற வேலை இல்ல. இதுக்குன்னே பழகின ஆள் இருக்கா. ஃபோன்ல புக் பண்ணினா வந்து பண்ணிட்டுப் போயிடுவா. நீ ஏன் கஷ்டப்படணும்?”

திட்டியிருந்தால் கூட ஜானு தாங்கியிருப்பாள். அவளுக்கு முகம் சுருங்கிப் போனது. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. பூசணம் அந்தக் கீழ் மூலையில் ஏன் அத்தனை அடர்த்தியாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் மாமி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அடியில் கூட்டுவதற்காக ஜானு தனியாக ஃபிரிட்ஜை இழுத்தாள். கதவு தானாகத் திறந்து ஆடி, ரப்பரின் கீழ் மூலை மேடைக்கு அடியில் துருத்தியிருந்த கல்லின் விளிம்பில் மாட்டிக் கிழிந்துவிட்டது. பயந்துபோய்க் கீழே கடைக்கு ஓடிப் பசை வாங்கி வந்து, மாமி திரும்புவதற்குள் ஒட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த மூலையில் துணி வைத்து அழுத்தித் துடைக்கவே அவளுக்குப் பயம். ஒட்டு விட்டுவிட்டால் என்ன செய்வது? துடைக்காத இடத்தில் ஈரம் தங்கிற்று. ஈரம் தங்கிய இடத்தில் பூசணம் வந்தது.

மறுநாள் பத்து மணிக்கு மணி அடித்தது. சின்னப் பெண் யாராவது டக்டக்கென்று வந்து நிற்பாள் என்று நினைத்துக் கதவைத் திறந்த ஜானு திகைத்தாள். வந்தவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சுடிதாருக்கு மேல் கம்பெனியின் சாம்பல் நிறச் சட்டை. தலையில் துப்பட்டா. கழுத்தில் அடையாள அட்டை, அதில் ஜைதூன் பீ என்று பெயர். தோளில் மாட்டியிருந்த கனமான பையை இறக்கிவிட்டு, செருப்பை ஒழுங்காகச் சுவர் ஓரம் வைத்தாள்.

“வாங்கோ,” என்றார் மாமி. “மழையில சிரமப்பட்டு வந்திருக்கேள். செத்த உக்காருங்கோ.”

அனன்யா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பூப்போட்ட பீங்கான் கோப்பையில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கோப்பைகள் மாமாவின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவை. ஜானு அவற்றைக் கழுவித் துடைத்து அடுக்கியதோடு சரி. அவளுடைய காபி வேறொரு தம்ளரில் வரும். அதை அவள் பால்கனிப் பக்கம் நின்றுகொண்டு குடிப்பாள். அதைப் பற்றி அவள் இதுவரை பெரிதாக யோசித்ததில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றியதில்லை. இப்போது இன்னொருத்தி வந்த ஐந்து நிமிஷத்தில் அதில் உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்ததும், அவளுக்குப் பொறுக்கவில்லை. நேத்திக்கு வந்தவ கூட இல்ல, இன்னிக்கு வந்தவ. அவளுக்கு வாங்கோ. எனக்கு என்னிக்கும் வாடி, போடி.

ஜானு தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள்.

குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தாள். கிடைக்கவில்லை. ஜைதூன் பீ முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். கதவுத் தட்டுகளைக் கழற்றி, இருந்த வரிசை மாறாமல் மேடையில் வைத்தாள். வெந்நீரில் பாத்திரச் சோப்பைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் ரப்பரின் ஒவ்வொரு மடிப்பையும் பூப் பிரிப்பது போல விரித்துத் தேய்த்தாள். போகாத கறுப்பின் மேல் வினிகரில் நனைத்த துணியை நீள நீளமாக வைத்து, அது ஊறட்டும் என்று விட்டாள். ஸ்பூன் காம்பில் மெல்லிய துணியைச் சுற்றி இண்டு இடுக்கில் விட்டு இழுத்தாள். துணி கறுப்பாக வந்தது.

“பிளீச்சிங் போட்டா ஒடனே போயிடாதா?” என்று கேட்டார் மாமி. ஸ்டூல் இப்போது ஜைதூன் பீயின் பக்கமாக நகர்ந்திருந்தது.

“போயிடும்மா. ஆனா ரப்பரு வெறச்சுப் போயி கதவு சரியா மூடாது. வினிகரு கூட அது சேந்துச்சுன்னா கெட்ட புகை வேற வரும். தொடச்சு, காய வெச்சு, துளி தேங்கா எண்ணெ தடவிட்டா போதும்.”

“பாரேன், எத்தனை விஷயம் இருக்கு இதுல,” என்றார் மாமி. “எங்காத்துல இதெல்லாம் யாருக்குத் தெரியறது?”

ஜானு கையிலிருந்த வாணலியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலிருந்து இரண்டு பக்கமும் முடித்துவிட்டு ஜைதூன் பீ கீழ் மூலைக்குக் குனிந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘அக்கா, அந்த எடத்துல பாத்து, ஒட்டு போட்டுக்கீது’ என்றால் முடிந்தது. ஜானு வாயைத் திறந்தாள். மாமி முழங்கையை முட்டியில் ஊன்றி, கதை கேட்கிறவரைப் போல அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜானு வாயை மூடிக்கொண்டாள்.

மடிப்பை விலக்க ஜைதூன் பீ விரலால் லேசாக இழுத்தாள். ஒட்டு சட்டென்று விட்டது. விட்டதோடு நிற்காமல், ஊறிப்போயிருந்த ரப்பர் நாலு விரற்கடை நீளத்துக்கு மேலே வரை கிழிந்து தொங்கியது.

ஜைதூன் பீ கையை எடுத்துவிட்டாள்.

“அம்மா, இது நா கிழிச்சதில்லம்மா,” என்றாள் ஜைதூன் பீ. “முன்னாடியே கிழிஞ்சு யாரோ பசை போட்டு ஒட்டிக்கீறாங்க. இதோ பாருங்க, காஞ்ச பசை.”

“ஒட்டியிருக்கா? எங்காத்துல யாரும் எதையும் ஒட்டலையே.” மாமி திரும்பினார். வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டார். “ஏண்டி ஜானு, நீ ஏதாவது ஒட்டினியா இதுல?”

“எனுக்கு இன்னா மாமி தெரியும்?” என்றாள் ஜானு. “நா தொடக்கிறதோட சரி.”

“அவ பண்ணியிருந்தா சொல்லிடுவா,” என்றார் மாமி, ஜைதூன் பீயைப் பார்த்து. குரலில் பழைய மரியாதை இல்லை. “பன்னண்டு வருஷமா வந்துண்டிருக்கா. இந்த ஆத்துல அவ ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்ல.”

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க ஜானு காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள் என்றே சொல்லலாம். கிடைத்ததும் நெஞ்சு நிறைந்தது. நிறைந்த அதே வேகத்தில் எதுவோ கசந்துகொண்டும் வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு குழாயைத் திறந்துவிட்டாள்.

அனன்யா கிழிந்த இடத்தை ஃபோனில் படம் எடுத்தாள். கத்தவெல்லாம் இல்லை. “தப்பு யார் மேலயும் வரலாம், ஆனா ஒத்துக்கணும் இல்லையா?” என்று மட்டும் சொல்லிவிட்டு, கம்பெனிக்குப் புகார் எழுதி, ஒற்றை ஸ்டார் போட்டாள். ஜைதூன் பீ அதற்கு மேல் வாதாடவில்லை. மிச்சம் இருந்த ஓரத்தையும் துடைத்து, காயவைத்து, எண்ணெய் தடவினாள். தட்டுகளைத் திருப்பி மாட்டினாள். தொங்கிய ரப்பரை உள்ளே செருகி, கதவு திறந்துகொள்ளாமல் டேப் ஒட்டிவிட்டு, வரேம்மா என்று சொல்லிக் கிளம்பினாள். அவளுக்குப் பதில் சொன்னவர் யாரும் இல்லை.

கால்மணி நேரம் கழித்துக் குப்பையைக் கொட்ட ஜானு கீழே இறங்கினாள். மழை வலுத்திருந்தது. மாடிப்படியின் கடைசிப் படியில், பையை மடியில் வைத்துக்கொண்டு ஜைதூன் பீ உட்கார்ந்திருந்தாள். கையில் ஃபோன். ஜானு தாண்டிப் போகப் பார்த்தாள்.

“நீதான ஒட்டுன?” என்றாள் ஜைதூன் பீ, நிமிராமலே.

ஜானு குப்பைக் கூடையோடு நின்றாள்.

“பசைய வெளிய தெரியாம உள் மடிப்புல மட்டும் தடவிக்கீற. வூட்டுக்காரங்க ஒட்னா அவ்ளோ பயந்து ஒட்ட மாட்டாங்க. நானும் ராயப்பேட்டைல ஒரே வூட்ல பதினஞ்சு வருசம் வேல செஞ்சவதான். எனுக்குத் தெரியாதா?”

“அப்போ மேலயே சொல்லிருக்கலாமே நீங்க,” என்றாள் ஜானு. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“சொன்னா? உன்ன நம்புவாங்களா, என்ன நம்புவாங்களா?” ஜைதூன் பீ ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். திரையில் சிவப்பில் ஏதோ எழுதியிருந்தது. “புகார் வந்துட்சுன்னு என் ஐடிய மூடிட்டாங்க. இன்னிக்கு இன்னும் ரெண்டு வூடு இருந்துச்சு, மந்தைவெளில ஒண்ணு, அடையார்ல ஒண்ணு. ரெண்டும் போச்சு. எப்போ தொறப்பாங்கன்னு கேக்க ஒரு ஆளு கெடையாது. இந்த ஃபோனுதான் எனுக்கு மொதலாளி. இதுகிட்ட போயி அழவா முடியும்?”

ஜானு அந்தத் திரையையே பார்த்தாள்.

“உன் மேல எனுக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்குது,” என்றாள் ஜைதூன் பீ. “ஆனா அதவிட ஒண்ணு. அந்தம்மா சொன்னாங்களே, அவ பொய் சொல்ல மாட்டான்னு. அதக் கேட்டதும் எனுக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? தெனம் ஒரு புது வூடு. வாங்க, போங்கன்னுதான் பேசுறாங்க. பேரு கூட அட்டையப் பாத்துத்தான் கூப்புட்றாங்க. எனுக்காக அப்பிடி ஒரு வார்த்த சொல்ல இந்த ஊர்ல ஒரு வூடு கெடையாதும்மா. உன்னப் பாத்தா எனுக்கு எரியுது.”

ஜானுவுக்கு இது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. என்னைப் பார்த்தா? கோப்பையும் நாற்காலியும் இவளுக்குப் போக, இவள் என்னைப் பார்த்தா எரிகிறாள்? அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

“ஒங்க நம்பர் குடுங்கக்கா,” என்றாள்.

“எதுக்கு?”

“குடுங்களேன்.”

நம்பரை வாங்கிக்கொண்டு ஜானு படியேறினாள். மூன்று மாடிக்குள் நாலு தடவை மனசு மாறிற்று. மேலே மாமி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அனன்யா லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“மாமி, நாந்தான் ஒட்னேன்.”

“என்னடி சொல்றே?”

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி. நீங்க கோயிலுக்குப் போய்ட்டீங்க. ஃபிரிட்ஜ இஸ்தேன், கல்லுல மாட்டிக் கிழிஞ்சிட்ச்சு. பயந்துக்கினு ஒட்டிட்டேன். அந்தம்மா மேல தப்பு இல்ல.”

மாமி பேப்பரை மடித்தார். மடிப்பு சரியாக வரும் வரை திரும்பத் திரும்ப மடித்தார்.

“மூஞ்சிக்கு நேரா கேட்டேனே. அப்போ ஏன் இல்லேன்னே?”

“அப்போ சொல்ல வர்ல மாமி.”

“ஏன் வரல?”

ஜானு தரையைப் பார்த்தாள். வேறு காரணம் எதையாவது சொல்லலாம். ஆனால் ஏறி வந்த மூச்சிரைப்பில் இருந்ததே வெளியே வந்துவிட்டது.

“வவுறு எரிஞ்சிச்சு மாமி. நீங்க அவங்கள வாங்கோ, உக்காருங்கோன்னீங்க. ஸ்டூல தூக்கிக்கினு அவங்ககிட்ட போய்ட்டீங்க. நா இங்கயேதான கீறேன்னு இருந்துச்சு.”

மாமி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “நான் ஸ்டூலைத் தூக்கிண்டு போனேனா?” என்று கேட்டார். உண்மையாகவே அவருக்கு அது நினைவில்லை.

அனன்யா ஃபோனை எடுத்தாள். கம்பெனிக்குப் போட்டால் மிஷின்தான் பேசியது. ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்று அரைமணி நேரம் போன பிறகு ஒரு மனுஷக் குரல் வந்தது. தப்பு எங்கள் பக்கம், அவங்க நல்லாத்தான் வேலை செஞ்சாங்க என்று அனன்யா இரண்டு தடவை சொன்னாள். புகாரை எடுத்துவிடலாம், போட்ட ஸ்டாரை மாற்ற வழி இல்லை என்றது அந்தக் குரல். ஃபோனை வைத்த பிறகு அனன்யாவின் முகம் சிவந்திருந்தது. “நானும் ஒரு நிமிஷம் விசாரிச்சிருக்கணும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஜானுவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். நடந்தது வேறு. மறுநாளிலிருந்து மாமி சமையலறை வாசலில் வந்து உட்காரவில்லை. பாத்திரம் போட்டிருக்கு, மெஷின்ல துணி இருக்கு, மாடிக்குப் போறச்சே கதவைச் சாத்திண்டு போ. அவ்வளவுதான். தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லாமல் ஜானு எட்டு நாள் பாத்திரம் தேய்த்தாள். தான் பயந்ததெல்லாம் திட்டுக்கு. இது அதைவிட மோசமாக இருந்தது. மாமியின் தங்கை பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது என்று கீழ் வீட்டு வேலைக்காரி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

ஒன்பதாம் நாள், புது ரப்பர் மாட்ட வலியுல்லா என்ற மெக்கானிக் வந்தார். பழையதைச் சுற்றிலும் உருவி எடுத்துப் பார்த்தார்.

“இந்த மூலை வழியா ரொம்ப நாளா காத்து போய்க்கினு கீது. மெஷினு ராப்பகலா ஓடியிருக்கும். இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா மொத்தமா படுத்திருக்கும்மா. யாரு கண்டுபுடிச்சது?”

“இவதான் சொன்னா,” என்றார் மாமி, ஜானுவைக் காட்டி. அதற்கு மேல் விளக்கவில்லை.

வலியுல்லா புது ரப்பரை மாட்டி, ஒரு பேப்பரை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துக் காட்டினார். பேப்பர் அசையவில்லை. அவர் போன பிறகு மாமி புது ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “கல்யாணம் தை மாசம், தி. நகர்ல,” என்றார். “புடவை எடுக்கப் போகணும். அந்தக் கூட்டத்துல என்னால தனியா நிக்க முடியாது. நீ வருவியா?”

“எப்போ மாமி?”

“சனிக்கிழமை.”

“வர்றேன்,” என்றாள் ஜானு.

பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்கியதும் அவளுக்கு ஜைதூன் பீயின் ஞாபகம் வந்தது. ஐடி மூன்றாம் நாளே திறந்துவிட்டது என்று அவள் ஒரு தடவை ஃபோனில் சொல்லியிருந்தாள். ஸ்டார் அப்படியே இருக்கிறதாம். எதற்கும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று குளத்தங்கரைப் பக்கம் ஒதுங்கி நின்று ஃபோன் போட்டாள்.

“அடையார்ல ஒரு வூட்ல கீறேன்,” என்றாள் ஜைதூன் பீ கிசுகிசுப்பாக. “அப்பால பேசட்டா? மூணு ஃபிரிட்ஜு கீது இங்க.”

“மூணா?”

“ஒண்ணு பூவுக்கும் பழத்துக்கும் மட்டும். மாசா மாசம் என்னியே வரச் சொல்லிட்டாங்க. வேற ஆள அனுப்பாதீங்கன்னு ஃபோன்ல எழுதிட்டாங்க.”

“நல்லதுக்கா,” என்றாள் ஜானு.

ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். மனசார நல்லது என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனாலும் மூணு ஃபிரிட்ஜு, அதில் ஒன்று பூவுக்கு மட்டும் என்பது மண்டையை விட்டுப் போகவில்லை. பஸ் மந்தைவெளி தாண்டும் வரை அவளுக்கு லேசாக எரிந்துகொண்டுதான் இருந்தது.